விண்கப்பல் பார்க்க அனுமதி

போன மாதம், தோழி, உமது பெயருக்கு ஓர் அழைப்பு அட்டை வந்தது. இப்போதும் என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நீர் இறந்து ஐந்து வருடமாகிறதென்று அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்கு யாரும் அறிவிக்கவில்லை. அட்டையில் அதே விண்கப்பல். நிலையத்துக்குள் பொதுமக்களை விட்டுக் காட்டும் நாள் மறுபடியும் வருகிறதாம்.

ஜெர்மனியில் எங்கள் அகதி விடுதியின் பொது அறையில் தெளிவாகத் தெரிந்தது அந்த நிலையத்தின் ஒளிபரப்பு ஒன்றுதான். அமெரிக்கர் எடுத்த விண்வெளித் தொடரை இந்த நாட்டுக்கு முதலில் கொண்டுவந்து, ஜெர்மன் குரல் கொடுத்ததும் அவர்களே. சனிக்கிழமைகளில் அதன் மறுஒளிபரப்புக்குக் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவீர். உமது ஜெர்மன் முழுவதும் கப்பல் தலைவனிடம் கற்றது. பஸ் சாரதியிடமும் அதே கட்டளைத் தொனியில் பேசுவீர். அவர் நிமிர்ந்து உட்காருவார்.

பிள்ளைகள் பார்க்கிற படம் என்று பின்னல் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வேன். மாவட்ட எல்லையைத் தாண்ட நாங்கள் ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் 'அன்ட்ராக்', அதாவது விண்ணப்பம், கொடுக்கவேண்டும்.

"உவையள் ஒரு கிரகத்துக்கும் அன்ட்ராக் போட்டுப் போகேல்லை அக்கா. அதுதான் பாக்கிறன்" என்றீர்.

உமக்கு ஜெர்மன் எழுத வராது. நீர் சொல்லச் சொல்ல நிலையத்துக்கு நான்தான் கடிதம் எழுதினேன். இரண்டு அழைப்புகள் வந்தன. கப்பலின் கட்டளை அறையை அமைத்திருப்பார்கள், தலைவனுக்குக் குரல் கொடுத்தவரும் வருவார் என்றிருந்தது. அந்தக் குரலை நேரில் கேட்டுவிடவேண்டும் என்று ஒரு கிழமை முழுவதும் அதே பேச்சு.

நிலையம் எல்லைக்கு வெளியே இருந்தது. விண்ணப்பத்தில் 'பயணத்தின் காரணம்' என்ற கோட்டில் என் பேனா நின்றது.

"கோயிலுக்கெண்டு எழுதுங்கோ அக்கா. ஆர் பாக்கப் போயினம்?"

கன்னியர் மடத்தில் படித்த எனக்குப் பொய் எழுத வராது. உண்மையை எழுதவும் கை வரவில்லை. இந்த வயதில் இரண்டு பெண்கள் விண்கப்பல் பார்க்கப் போகிறார்களென்று அந்த இளம் அதிகாரி வாசித்துச் சிரிப்பதை என்னால் நினைத்துப்பார்க்கவும் முடியவில்லை.

"ஏலாது" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல் கதிரையில் வந்து உட்கார்ந்தீர், தொலைக்காட்சியைப் போடவில்லை. இரண்டு குளிர்காலம் கழித்து நோய் உம்மைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியும் மயானமும் எல்லைக்குள்ளேயே இருந்தன. எதற்கும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை.

நான் இன்னும் அதே அறையில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் இங்கே தங்குவதற்கான தாளைப் புதுப்பிக்கிறார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லைப் பலகை தெரிகிறது; அதுவரை நடந்துபோய்த் திரும்புவதுதான் என் உலாத்து.

இம்முறை உமது அட்டையை இணைத்து விண்ணப்பம் கொடுத்தேன். காரணத்தைத் திருத்தமான ஜெர்மனில், பெரிய எழுத்தில் எழுதினேன். அதிகாரி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

நேற்றுப் பதில் வந்தது. மறுத்துவிட்டார்கள். ஆனால் மறுப்பதற்காக என் வசனத்தை அவர்களே திரும்ப எழுதவேண்டியிருந்தது: 'இறந்த தோழியின் சார்பில் விண்கப்பல் பார்க்க.' கீழே அரச முத்திரை.

நீர் இருந்திருந்தால் கதிரையோடு சரிந்து சிரித்திருப்பீர். அந்தக் கடிதத்தை நாலாக மடித்து என் செபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.