நோயாளி பேசிவிட்டாள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினேழு டாக்டர்களைத் துடைத்தேன். எல்லோரும் போய்ச் சேர்ந்து நூறு வருடமானவர்கள். ஒருவர்கூட நாக்கை நீட்டச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரி முன்கூடத்தில் பழைய மருத்துவர்களின் படங்களை மாட்டப் போகிறார்கள். அதனால் முப்பது வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத எங்கள் பழைய படங்களின் அறைக்குத் திடீர் மவுசு. கண்ணாடித் தகடுகளில் எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஸ்கேன் செய்வது என் வேலை. ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்துவது கண்காணிப்பாளரின் வேலை. அவருக்கு நான் வைத்த பெயரே முத்திரை.

அத்தனை டாக்டர்களுக்கும் தாடி. ஒரு கை புத்தகத்தின் மேல், பக்கத்தில் ஒரு மண்டை ஓடு. ஏழு படத்தில் ஒரே மண்டை ஓடுதான். முன்பல் ஒன்று இல்லாததை வைத்துக் கண்டுபிடித்தேன். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், அது மட்டும் ரிட்டயர் ஆகவே இல்லை. என்னைப் போல.

மார்ச் 5, புதன்

அக்காவுடன் ஃபோனில் நாற்பது நிமிடம். கட்டியைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மற்ற எல்லோரையும் பற்றிப் பேசி முடித்துவிட்டோம்.

மார்ச் 7, வெள்ளி

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

கழுத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி. எனக்குத் துப்பட்டாவின் மேல் புதிதாகக் காதல் வந்திருப்பதாக அறையில் பேச்சு. போன மாதம் அறுவை மருத்துவரைப் பார்த்தேன். என் மகள் வயதிருக்கும். பின்னால் வந்து நின்று இரண்டு கையாலும் கழுத்தைத் தொட்டு, "எச்சில் முழுங்குங்கம்மா" என்றார். முழுங்கினேன். உள்ளே எலுமிச்சம்பழம் மாடி ஏறி இறங்கியது.

"ஊசி வச்சு எடுத்துப் பாத்ததுல தெளிவா ஒண்ணும் சொல்ல முடியல. ஆபரேஷன் பண்ணி எடுத்துடறதுதான் நல்லது."

"குரலுக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?"

"குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பின்னாடிதான் ஓடுது. நூல் மாதிரி இருக்கும். பாத்துத்தான் செய்வோம். நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குக் குரல் கம்மிடலாம்."

எனக்குக் கணக்கு வராது. ஆனால் அந்த நூறு பேரில் அந்த ஒருத்தி யார் என்பது நன்றாகத் தெரியும்.

வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எங்கள் வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது நான்தான். குரலும் போய்விட்டால் என்னிடம் மிச்சம் என்ன? அழகா? சமையலா?

சம்மதப் படிவம் மேசை டிராயரில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

போட்டோவுக்கும் முந்திய அச்சுப்படங்கள். ஒரு வைத்தியர் நோயாளியின் மூத்திரக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வைரம் பார்ப்பது போலப் பார்க்கிறார். இன்னொருவர் தொற்றுநோய்க்குப் பயந்து பறவை மூக்கு வைத்த முகமூடியோடு நிற்கிறார். சிரிக்கத்தான் உட்கார்ந்தேன்.

பிறகுதான் குப்பிப் படத்தின் ஓரத்தில், கதவருகே நிற்கும் பெண்ணைப் பார்த்தேன். நோயாளியின் மனைவியாக இருக்கும். அவள் குப்பியைப் பார்க்கவில்லை. வைத்தியரின் முகத்தைப் பார்க்கிறாள். அதில் என்ன தெரியுமோ அதுதான் அவளுக்குத் தீர்ப்பு.

போன மாதம் நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்? என்ன, என் டாக்டர் பின்னால் நின்றதால் எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினேன்.

அப்புறம் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

அடி டிராயரைத் திறந்தேன். முத்திரை ஓடி வந்தார்.

"அதெல்லாம் கெட்டதும்மா. ஸ்கேன் பண்ண வேணாம்னு சொன்னேன்ல?"

"கெட்டதுன்னாதான் சார் பாக்கணும். நல்லவங்களைப் பத்திப் பேச என்ன இருக்கு?"

அந்தக் காலத்தில் படம் எடுக்கப் பல விநாடிகள் கல் மாதிரி உட்கார வேண்டும். எது அசைந்தாலும் படத்தில் புகையாகிவிடும். அப்படிக் கெட்ட தகடுகள் நாற்பத்து மூன்று. பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறார் அந்தப் படக்காரர். யார் பெற்ற பிள்ளையோ, என் இனம். 'கெட்டது. குழந்தை உதைத்தது.' 'கெட்டது. டாக்டர் தும்மினார்.' 'கெட்டது. நர்ஸ் சிரித்தாள், ஏனென்று சொல்லவில்லை.'

எண் 212. நாற்காலியில் என் வயதுப் பெண். கழுத்தில் கட்டி. என்னுடையது எலுமிச்சம்பழம் என்றால் அவளுடையது மாம்பழம். பின்னால் ஒரு டாக்டர், இரண்டு கையும் அவள் கழுத்தில். அதே இடம், அதே விரல்கள். அவருக்கு இரண்டு முகம். ஒன்று நேராகக் காமிராவைப் பார்க்கிறது, இன்னொன்று குனிந்து அவளை. நடுவில் வெறும் புகை. எச்சில் முழுங்கச் சொல்லியிருப்பார். கட்டி அசைந்தது, படத்தை மறந்து குனிந்துவிட்டார்.

'கெட்டது. டாக்டர் முகம் அசைந்தது.'

வலது சுண்டு விரல் வளைந்திருக்கிறது. எங்கேயோ பார்த்த விரல் — ஆமாம், மண்டை ஓட்டோடு நிற்கும் ஒன்பதாம் நம்பர்! அந்த நல்ல படத்தில் கண், காது, தாடி எல்லாம் துல்லியம், ஆள்தான் இல்லை. இதில் முகமே இல்லை. ஆனால் ஆள் இருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

பதிவேட்டில் அவளுக்குப் பெயர் இல்லை. 'படுக்கை 6, தையல்காரி' என்று மட்டும். பக்கங்களைப் புரட்டினேன். எண் 260: 'படுக்கை 6, தையல்காரி. அறுவை முடிந்து எட்டாம் வாரம். கெட்டது.' அதற்குக் கீழே காரணம் இருந்த வரியில் மை கொட்டியிருக்கிறது.

என்ன கெட்டது? படமா, அவளா?

தகடு 260 டிராயரில் இல்லை.

மார்ச் 17, திங்கள்

இரண்டு நாள் விடுமுறையும் அவளாலேயே போனது. வீட்டுக்காரர்கூடக் கவனித்துவிட்டார்: "என்ன, சத்தத்தையே காணோம்?" மூன்று வார்த்தை.

இன்று கிடைத்தாள். தகடு 259-இன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவசரப்பட்டால் உடைந்துவிடும்.

கழுத்தில் மாம்பழம் இல்லை. அந்த இடத்தில் ஒரு கோடு, நல்ல தையல். அவளே போட்டிருந்தாலும் இவ்வளவு நேராக வந்திருக்காது. கண்கள் கூர்மை. சட்டைப் பொத்தான்களை எண்ணலாம். வாய் மட்டும் புகை.

தகட்டின் ஓரத்தில், பதிவேட்டு மை எட்டாத இடத்தில், படக்காரரின் பொடி எழுத்து:

'கெட்டது. நோயாளி பேசிவிட்டாள்.'

மறுபடி படித்தேன்.

வெறும் காற்று வந்திருந்தால்? வாய்தானே அசைந்திருக்கிறது? — இல்லை. இந்தப் படக்காரர், முகம் அசைந்தால் அசைந்தது என்றுதான் எழுதுவார். இதில் பேசிவிட்டாள் என்று எழுதியிருக்கிறார். பக்கத்தில் நின்று கேட்டவர் அவர். ஜன்னல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, அந்த வளைந்த சுண்டு விரலோடு ஒரு மனிதர் நூல் போன்ற நரம்பை ஒதுக்கி, மாம்பழத்தை மட்டும் எடுத்திருக்கிறார். எப்படி? எப்படி முடிந்தது?

என்னடி சொன்னாய்? எட்டு வாரம் கழித்து, அசையக் கூடாது என்று அத்தனை பேரும் சொல்லியும் அடக்க முடியாமல் — என்ன சொன்னாய்?

முத்திரை வந்து தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முத்திரை குத்தவில்லை.

"சத்தமாவே பேசியிருப்பா போலிருக்கே" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தார்.

"அந்த நரம்பு எவ்வளவு தடிமன்?"

"நூல் மாதிரியாம்."

"அவங்களுக்குக் கை நடுங்காதுல்ல?"

அப்புறம் பூட்டை எடுத்தார். அரை மணி நேரமாகத் தப்பான சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார்.

மார்ச் 25, செவ்வாய்

நாளை ஆபரேஷன். ஒருவேளை குரல் போய்விட்டால் என்று, அக்காவிடம் அடுத்த ஒரு வருடத்துக்கான வம்பையும் முன்கூட்டியே பேசிவிட்டேன். கடைசியில் அவள், "பைத்தியமே, வச்சுடாதடி, இன்னும் கொஞ்சம் பேசு" என்றாள். அழுகிறாளா?

மார்ச் 27, வியாழன்

இருக்கிறேன். காற்று வருகிறது. குரல் வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நரம்பைக் கண்ணால் பார்த்ததாக டாக்டரம்மா சொன்னார். "அறுபடல. வீங்கியிருக்கு, அவ்வளவுதான். நாள் ஆகும்." நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கதவருகே நின்ற அந்தப் பெண்ணைப் போல. கண்ணை விலக்காமல் சொன்னார்.

ஏப்ரல் 3, வியாழன்

கட்டியின் ரிப்போர்ட்: பயப்பட ஒன்றுமில்லை.

குரல்: இல்லை.

அதிசயம்: வீட்டுக்காரர் பேசுகிறார்! கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எந்த வீட்டில் எந்தப் பூட்டு, பெட்டிக்குள் யார் எதை ஒளித்து வைத்திருந்தார்கள் என்று ஒன்றரை மணி நேரம். அத்தனையும் முதல் தர வம்பு. முப்பத்தாறு வருடமாக இதையெல்லாம் எங்கே பூட்டி வைத்திருந்தார்? குறுக்கே ஆயிரம் கேள்வி கேட்க வேண்டும், குரல் இல்லை. இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

ஏப்ரல் 9, புதன்

காற்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

குளியலறையில் ஒரு சத்தம். கதவு கிரீச்சிட்டது என்று நினைத்தேன். நான்தான்.

மே 21, புதன்

முன்கூடத்தில் பன்னிரண்டு டாக்டர்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கிறார்கள். கடைசியில் பதின்மூன்றாவதாக 212, 260 இரண்டும் ஒரே சட்டத்தில். "முகமே இல்லாத டாக்டர் படமா?" என்று மேலிடத்தில் கேட்டார்களாம். முத்திரை குத்திவிட்டாராம்.

இன்று எட்டாம் வாரம். தழும்பைப் பதிவு செய்ய, பழைய பிரிவில் படமெடுக்கும் வெளிச்சமில்லாத மூலையில் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா பின்னால் நின்றார். அவர் விரல்கள் என் தோளில்.

"அம்மா, ஒரு செகண்ட் ஆடாம இருங்க" என்றார் படமெடுப்பவர்.

இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் என் பின்னால் நிற்பது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? நரம்பு எவ்வளவு மெல்லிசு என்று? தையல்காரியைப் பற்றி?

"அம்மா, மூணாவது தடவை! வாய் மட்டும் கலங்கலா வருது."

தோளில் இருந்த விரல்கள் குலுங்கின. டாக்டரம்மா சிரிக்கிறார்.

படங்கள் எங்கள் அறைக்கு வந்ததும் பதிவேட்டை நானே எடுத்து எழுதினேன். மூன்றும் கெட்டது. காரணத்தையும் எழுதினேன்.