ஆக்ஸான் நுனியில் நீ பார்த்த நிறம்

என் அருமை மல்லிகாக்கா,

மட்டாஞ்சேரியில் மழை பிடித்துவிட்டது. நம் சந்தில் வழக்கம்போல் கணுக்கால் அளவு தண்ணீர். உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அந்தச் சாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். முழுசாக இல்லை, ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

தொண்ணூறுகளின் நடுவில் நீ ஆராய்ச்சி மாணவி. சாக்கடையை இங்கே கானை என்போம். முனிசிபாலிட்டியில் கானை வாரும் நம் அப்பாவின் மூத்த மகள், எலியின் மூளையைக் காகிதம்போல் சீவி, அதில் பொட்டாசியம் சானல்களைத் தேடிக்கொண்டிருந்தாள். நியூரானின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய வாசல்கள் அவை. நான்கு துணை அலகுகள் சேர்ந்தால் ஒரு வாசல். துணை அலகுகளில் பல வகை, ஒவ்வொரு வகைக்கும் நியூரானில் ஓர் இடம்.

நான் பள்ளிக்கூடத்துப் பெண். எறணாகுளம் போகும் படகில் வைத்து எனக்கு நீ விளக்கினாய்: "டென்ட்ரைட்டுன்னா நியூரானுக்குக் காது மாதிரி. ஆக்ஸான்னா வாய். இந்த வாசல் காதுல இருந்தா கேக்கறத அடக்கும், வாயில இருந்தா பேசறத அடக்கும். எங்க இருக்குன்னே தெரியாம, அது என்ன பண்ணுதுன்னு எப்படிடீ சொல்றது?"

உன் வழிகாட்டியான சார், தனக்குப் பேர் வாங்கித் தந்த ஒரு துணை அலகு டென்ட்ரைட்டில்தான் இருக்கிறது என்று ஏற்கெனவே உலகத்துக்கு எழுதியிருந்தார். நீ நிறமேற்றிப் பார்த்தபோது, அந்தத் துணை அலகு இருக்கும் இடத்தைக் காட்டும் பழுப்புப் புள்ளிகள் ஆக்ஸானின் நுனிகளில் கூட்டமாக நின்றன. திரும்பச் செய்தாய், அங்கேயேதான் நின்றன. சந்தோஷத்தோடு சாரிடம் ஓடினாய்.

"இது அழுக்காணு," என்றார். "நினக்குக் கழுகான் அறியில்லே? நின்றெ அச்சன் கான கழுகுன்ன ஆளல்லே?"

இது அழுக்கு, உனக்குக் கழுவத் தெரியாதா, உன் அப்பன் சாக்கடை கழுவுகிறவன்தானே என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாய். அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று என் வாயைப் பொத்தினாய்.

அந்தப் புள்ளிகளின் படங்களை நீக்கிவிட்டால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்றார் அவர். "கண்ணால பாத்தத இல்லன்னு எழுத மாட்டேன்," என்று நீ வெளியே வந்தாய். கலூரில் ஒரு டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாய். கொஞ்ச காலத்தில், எங்கோ வெளிநாட்டில் யாரோ அதே துணை அலகை ஆக்ஸான் நுனியில் கண்டதாக எழுதிவிட்டார்கள். நூலகத்தில் படித்துவிட்டு வந்து, "நான் பாத்ததுதான் ராஜி," என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அந்த மழையில்தான் எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. காலில் இருந்த வெட்டு வழியாகத் தெருத்தண்ணீர் தந்தது என்றார் டாக்டர். சாவு வீட்டுக்கு வந்த சார் என்ன சொன்னார் தெரியுமா? "எலியோடல்லே ஜோலி, வ்ருத்தி வேண்டே?" எலியோடு வேலை செய்கிறவளுக்குச் சுத்தம் வேண்டாமா என்று, நீ கூடத்தில் கிடக்கும்போதே, இன்னொருவரிடம். நான் உன் தலைமாட்டில் இருந்தேன். என் காதில் விழுந்தது. அப்பாவின் காதிலும் விழுந்ததோ என்னவோ, நான் கேட்கவில்லை.

எம்.எஸ்சி. முடித்ததும் அவரிடமே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த ஆளுகிட்டயா போற? நாட்டுல வேற சாரே இல்லியா?"

"அவர்கிட்டதான் அம்மா போகணும்."

அவர் மறுக்கவில்லை. செத்துப்போன மாணவியின் தங்கைக்கும் இடம் கொடுத்தவர் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். நான் "ஆமா சார்" என்றேன். எத்தனை வருஷம் அந்த இரண்டு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியுமா?

நான் செய்தது ஒன்றுதான் அக்கா. எலியின் மூளையில் ஆக்ஸான்கள் கட்டாகப் போகும் பாதையை அறுத்தேன். அறுபட்ட ஆக்ஸான்களின் நுனிகள் செத்துப்போகச் சில நாள் விட்டு நிறமேற்றினேன். ஆக்ஸான்கள் போய்ச் சேரும் இடத்தில் உன் பழுப்புப் புள்ளிகள் மறைந்திருந்தன. அறுக்காத பக்கத்தில் அப்படியே இருந்தன. அழுக்காக இருந்தால் எதற்கு மறைய வேண்டும்?

படத்தைப் பார்த்ததும் சார் மேசையைத் தட்டினார். "நம்மள் இது அந்நே கண்டதல்லே!"

நாம் இதை அன்றே கண்டதுதானே என்று. நம்மள்! அந்தச் சொல்லுக்காகவே அவரை விடக் கூடாது என்று நினைத்தேன்.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு இங்கே யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக் கடைசி வரிசையில் இருந்தார். திரையில் என் படத்தைக் காட்டினேன். அதன் பக்கத்தில் நீ எடுத்த படத்தை, உன் பெயரோடும் தேதியோடும். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நிமிர்ந்தார். "வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னாலேயே எடுத்த படமா? பிறகு ஏன் வெளியிடவில்லை?"

சார் பதில் சொல்ல எழுந்தார். "கேள்வி எனக்கு, சார்," என்றேன். வழிகாட்டி இதை அழுக்கு என்று தள்ளிவிட்டார் என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு அவர் உன்னிடம் சொன்னதை, அவருடைய மலையாளத்திலேயே, ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னேன். கான கழுகுன்ன ஆள் வரைக்கும்.

"அது... ஒரு தமாசு," என்றார் சார்.

யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே கேட்டார்: "இவர் செய்த சோதனையை அன்று நீங்கள் ஏன் செய்து பார்க்கவில்லை?" சார் தண்ணீர்க் குவளையைத் தேடினார். அந்த முகத்தை உனக்குக் காட்ட முடியவில்லையே என்பதுதான் என் குறை.

பட்டம் கிடைத்தது. பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. தன்னைப் பற்றிய அந்த வார்த்தையைச் சபையில் வைத்துக் கேட்க வேண்டி வந்ததே மனுஷனுக்கு! பஸ் பாலத்தைத் தாண்டியது. பிறகு சொன்னார்: "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லிருக்கலாம் மோளே. பின்னால இருந்த எனக்குப் பாதிதான் கேட்டுது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டுரை வந்துவிட்டது அக்கா. முதல் பெயர் உன்னுடையது, காலமானவர் என்ற குறிப்போடு. அவர் பெயர் இல்லை. தன் பெயரும் வேண்டும் என்று கமிட்டிவரை போனார். இந்த வேலையில் அவர் கை படவே இல்லை என்று கூட இருந்தவர்களே சாட்சி சொன்னார்கள். அன்று உன்னைப் பார்த்துச் சிரித்த ஒருத்தியும் அதில் உண்டு. அவளை என்ன செய்ய? நீயே சொல்.

அவர் இருக்கும் பல்கலைக்கழகத்தில் எனக்கு வர வேண்டிய வேலையை அவர் தடுத்துவிட்டார். இப்போது ஆலுவாவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். "போதும்டீ, வயசான மனுஷன்," என்கிறாள் அம்மா. வயசாக உன்னை அவர் விட்டாரா? சாய்ந்து உட்கார்ந்து பழைய கதை பேசும் வயசு உனக்கு வந்ததா?

அடுத்த மாதம் எறணாகுளத்தில் ஒரு கூட்டம். மூளையில் சானல்களின் இருப்பிடம் பற்றி அவர்தான் சிறப்புரை. நான் முன்வரிசையில் இருப்பேன். கேள்வி நேரத்தில் எழுந்து ஒன்றே ஒன்று கேட்பேன்: "ஆக்ஸான் நுனியில் இதை முதலில் பார்த்தது யார், சார்?" அவர் வாயிலிருந்து உன் பெயர் வரும்வரை உட்கார மாட்டேன். அங்கே வராவிட்டால் அவர் பேசும் அடுத்த ஊருக்கும் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மன்னிக்கத் தெரியாத உன் தங்கை,
ராஜி
மட்டாஞ்சேரி