மீசைக்காரருக்குக் காட்டிய கட்டைவிரல்

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். நீங்களும் நம் வாலுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் "உம், உம்" என்றே தப்பித்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முழுதாகப் படிக்காமல் தையல் மெஷினில் உட்காரக் கூடாது, சொல்லிவிட்டேன்.

முதலில் நல்ல செய்தி. என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள்! குடும்பத்தோடு இருக்க வீடும் தருகிறார்கள். இரண்டு அறை, வெயில் விழும் சமையலறை, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வேண்டுமா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் நான் சொல்லியாக வேண்டும். நீங்களோ, "பாஷை தெரியாத ஊர்ல வந்து வாயை மூடிக்கிட்டு உட்காரணுமா? ஆளை விடு" என்று போனை வைத்துவிட்டீர்கள். சரி, பாஷை தெரியாத நான் இங்கே பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நான் கிரேன் ஓட்டும்போது கீழே நின்று சைகை காட்டுகிறவர் வேறொரு நாட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் மீசைக்காரர்தான். தூக்கு, இறக்கு, நிறுத்து என்பதற்கெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சைகைகள் உண்டு, அதில் வம்பே இல்லை. ஆனால் மனுஷன் வேலை அத்தனை சுத்தம். எவ்வளவு பெரிய தூணையும் ஊசியில் நூல் கோப்பது போல இடத்தில் இறக்க வைத்துவிடுவார். பாராட்டாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு முறையும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பேன். அவர் முகமோ நாளுக்கு நாள் கடுகடுவென்று ஆனது. பாராட்டு போதவில்லை போலிருக்கிறது என்று ஒருநாள் இரண்டு கட்டைவிரலையும் காட்டினேன்.

அவ்வளவுதான். ஹெல்மெட்டைத் தரையில் வீசிவிட்டு சூப்பர்வைசரிடம் போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். என் வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவு செய்கிற வாரம் அது. நம் பாஷை பேசும் வெல்டர் அக்காதான் விசாரித்துச் சொன்னார். "அடிப்பாவி, அவங்க ஊர்ல அது அசிங்கமான திட்டுடி! தினமும் திட்டுறியாம். அதுவும் சிரிச்சுக்கிட்டே திட்டுறியாம். இன்னிக்கு ரெண்டு கையாலயும் திட்டினியாமே!"

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? அவர் மட்டும் என்னை ஒற்றை விரலை மடக்கி மடக்கி, நாயைக் கூப்பிடுவது போலக் கூப்பிடலாமா என்று அக்காவை விட்டுக் கேட்டேன். மீசைக்காரர் திகைத்துப்போனார். அவருக்கு அது சாதாரணமாகக் கூப்பிடுவதுதானாம். சூப்பர்வைசர் சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, எல்லாம் பிரமாதம் என்று காட்டினார். மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த பிளம்பருக்குப் புரையேறிவிட்டது. அவர் ஊரில் அது கட்டைவிரலைவிட மோசமாம்! முதலில் சிரித்தது மீசைக்காரர்தான். அப்புறம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியில் நன்றிக்கும் சபாஷுக்கும் நெஞ்சில் கை வைப்பது என்று முடிவானது. அங்கே இருந்த யார் ஊரிலும் அதற்குக் கெட்ட அர்த்தம் இல்லை. மறுநாள் பெரிய உத்தரத்தை இறக்கியதும் மீசைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். கீழே நின்ற அத்தனை பேரும் வைத்தார்கள். நான் கேபினுக்குள் அழுதுகொண்டே சிரித்தேன். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் பேசியதும் மீசைக்காரர்தானாம்.

நீங்கள் தையல்காரர் என்பதை அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். போன ஞாயிறு மீசைக்காரரின் மனைவி ஒரு கவுனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இடுப்பைக் கிள்ளிக் காட்டினாள், முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா? நீங்கள் எப்போது வருவீர்கள் என்றும் கையாலேயே கேட்டாள். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நானும் கையாலேயே காட்டி அனுப்பினேன்.

நீங்கள் எதையாவது தப்பாகக் காட்டினால்தான் என்ன? சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு எனக்கு அலுத்துவிட்டதுங்க.

ஒன்று சொல்ல மறந்தேன். உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை அசைத்து ஆளைக் கூப்பிடுவோமே, இங்கே அதற்குப் 'போய்விடு' என்று அர்த்தம். விமான நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்று நான் அப்படித்தான் கூப்பிடுவேன். உங்களைத் துரத்துகிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். நீங்கள் வாலுவைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிடுங்கள்.

வாலுவின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
உங்கள் கிரேன்காரி