மூன்று நாள் காய்ச்சல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உன் தம்பி மகள் பட்டாணி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது, அந்த அளவுக்கு நலம். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று பேச்சைத் திருப்பிவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். போன மாதம் நீ மருமகளைக் கூப்பிட்டு, "பெத்தவளுக்குத் தெரிய வேணாமா, மூணு நாளா பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது, நீ என்ன செஞ்சிட்டிருந்தே" என்று கேட்டாயாம். அவள் போனை அப்படியே உன் அம்மா கையில் கொடுத்துவிட்டாள். நான் அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை நான் சொல்கிறேன், கேள்.

முதல் நாள் காலையிலேயே அவள் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு, டாக்டரிடம் போகக் கிளம்பி வாசலில் நின்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஏழு மாசப் பிள்ளை, பல் முளைக்கிற காய்ச்சல், முப்பத்திரண்டு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவன், எனக்குத் தெரியாதா என்றேன். கடையிலிருந்து சிரப் கொண்டுவந்து நானே புகட்டினேன். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது, என் தலைக்கனம் ஏறியது. இரண்டாம் நாள் பிள்ளை குடித்த பாலையெல்லாம் கக்கினாள். மருமகள் வந்து, "மாமா, தூக்கினா இன்னும் அழுவுறா, இது பல்லு மாதிரி தெரியல, உச்சிக்குழி வேற மேல தூக்கிட்டு நிக்குது, தொட்டுப் பாருங்க" என்றாள். நான் தொட்டுப் பார்க்கவில்லை அம்மா. அழுகிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன். உன் தம்பி லேத் பட்டறையிலிருந்து வந்ததும் அவனிடம் முறையிட்டாள். அவன், "அப்பாவுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். தெருவில் என்னை அரை டாக்டர் என்று கூப்பிடுவார்களே, அது கேலி என்று எனக்கு உறைத்ததே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, போகிற வண்டியை மறித்தாள். நான் வெறுங்காலோடு பின்னால் ஓடி ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்பதுதான். நான் முந்திக்கொண்டு, "நேத்து சாயங்காலம்தான்" என்றேன். அந்தப் பொய் எங்கேயிருந்து அவ்வளவு சுருக்காக வந்ததோ. மருமகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இல்ல டாக்டர், மூணு நாளாச்சு, சிரப் மட்டும்தான் குடுத்தோம்" என்றாள். குடுத்தோம் என்றாள், குடுத்தார் என்று சொல்லவில்லை. டாக்டரம்மா கோபம் முழுவதையும் அவள் தலையில் கொட்டினார், "படிச்ச பொண்ணுதானே நீ" என்று. நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் என் பெயரைக் காப்பாற்ற, பெத்தவள் கவனிக்கவில்லை என்று உறவுக்காரர்களிடம் சொன்னாள், உன்னிடமும் சொன்னாள். நானும் காப்பாற்றட்டும் என்று இருந்துவிட்டேன்.

முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுத்த நீர் கலங்கியிருந்தது, மூளைக்காய்ச்சல் என்றார்கள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில்தான், அம்மா. கை காலில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஒரு பக்கம் முடியை மழித்து அங்கே ஊசி ஏற்றினார்கள், மூக்கில் குழாய். முதல் ஒன்பது நாள் தாயை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். முதுகு சாய இடமில்லாத ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலைப் பீய்ச்சி நர்ஸிடம் கொடுப்பாள், அதில் பத்து மில்லி குழாயில் போகும், மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். பத்தாம் நாளிலிருந்து உன் தம்பியையும் விட்டார்கள், பட்டறையிலிருந்து நேரே வருவான், நகத்துக் கறுப்பு போகவில்லை என்று நர்ஸ் மூன்று தடவை கை கழுவ அனுப்பினாள், மறுநாள் நகத்தை ரத்தம் தெரிய ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பொது வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு நாள் ஆயா கையிலிருந்து எவர்சில்வர் தட்டு தவறித் தரையில் விழுந்தது. பக்கத்துப் படுக்கைப் பிள்ளைகள் எல்லாம் வீரிட்டன. பட்டாணி என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகிக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தால், எதிரே மருமகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செய்த பரிசோதனை எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததைத்தான் சொன்னது. இரண்டு காதும் கேட்காது. முதல் நாளே வந்திருந்தால் என்று டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "வந்திருந்தாலும் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், சொல்ல முடியாதுங்க" என்றார். அதில் எனக்கு வசதியான பாதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள் உன் அம்மா.

வீட்டுக்கு வந்த மறுநாள் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். குழந்தைத் துணியை மடித்துக்கொண்டே, "மன்னிப்பெல்லாம் வேணாம் மாமா. அண்ணி என்னைக் கேட்டாங்கல்ல, அவங்களுக்கு நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க, போதும்" என்றாள். அதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. காதுக்குக் கருவி வைக்க முடியுமா என்று அடுத்த மாதம் பார்க்கிறார்கள். அதுவரை அவள் பிள்ளையை எதிரே உட்கார வைத்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள், முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்கிறாள். நேற்று அலமாரியிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்துத் தேதியைப் பார்க்கப் போனேன். மருமகள் வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, சின்னப் பிள்ளை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள்.

நீ அவளைக் கூப்பிடு. விதி என்று ஆரம்பிக்காதே, அப்பாவுக்காக வக்காலத்து வாங்காதே. "நான் கேட்டது தப்பு" என்று மட்டும் சொல். அவள் பேசாமல் இருந்தாலும் நீ போனை வைத்துவிடாதே.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம், நோய் நொடி அண்டாமல் இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. பேரனுக்கு உடம்பு சுட்டால் இத்தனை நாளும் நீ முதலில் எனக்குத்தான் போன் போட்டு என்ன கொடுக்கலாம் என்று கேட்பாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. இனிமேல் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா