இரவல் மாடும் நான்காம் அத்தியாயமும்

5-10-83, புதன்
மழை விட்டது. கரிசல் செருப்பை விடமாட்டேன் என்கிறது. லீவு இன்னும் 9 நாள்.
வேலை: டைப்ரைட்டர் ரிப்பன். பாப்பாவுக்கு மருந்து. ஆய்வேட்டின் 4-ம் அத்தியாயம்.
மெட்ராஸ் பேராசிரியர் கடிதம். "அந்த ஆப்பிரிக்க நாட்டு ராணுவத்துக்கு நீங்கள் கொடுத்தவற்றின் பட்டியல் இருக்கிறது, மேஜர். வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்?" அங்கே பயிற்சிக் குழுவில் இருந்தவன் நான். எனக்கே கேள்வி! எரிச்சல்.
ஆய்வு தேறினால் மெட்ராஸில் இரண்டு வருடப் போஸ்டிங், செல்வியும் பாப்பாவும் கூடவே. தேறாவிட்டால் மறுபடி எல்லை, மறுபடி கடிதத்தில் குடித்தனம்.

7-10, வெள்ளி
வெயில். உழவுக்குப் பதம். அண்ணன் மாட்டுக்குக் கால் வீக்கம். பக்கத்துப் புஞ்சை ரங்கசாமி அண்ணாச்சியிடம் ஜோடி இரவல்.
"மாட்டோட நானும் வாரேன்" என்றார். வயசானவருக்கு ஏன் சிரமம் என்று நானே ஓட்டி வந்தேன். கலப்பையில் பூட்டியதும் நின்றுவிட்டன. அதட்டல், கெஞ்சல். ம்ஹூம். செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.
அண்ணாச்சியே வந்தார். நாக்கைச் சொடுக்கித் தன் வீட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். கிளம்பிவிட்டன.
"இரவல் மாடுன்னா ஆளும் கூட வரணும்லா. பட்டாளத்துல சொல்லித் தரலையோ? ரெண்டு நாள் நானும் கூட நடந்தா ஒங்க கொரலு அதுகளுக்குப் பழகிரும்."
பதினெட்டு வயதில் ஊரை விட்டவன். இந்த வழக்கம் மறந்தே போனது.

8-10, சனி
காலையிலிருந்து மேசை. பேராசிரியர் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை.
வயர்லெஸ் செட்டுகள் கொடுத்தோம். ஆறு வாரம் இங்கிலீஷில் பாடம். தலையாட்டினார்கள். கூட யாரும் தங்காமல் கிளம்பிவிட்டோம். மறுவருடம் அங்கிருந்து ஒரு லெப்டினன்ட் எழுதினான்: செட்டுகள் பெட்டியிலேயே இருக்கின்றன, சேதி இன்னும் ஆள் ஓடித்தான் போகிறது. நான் பதில் போடவில்லை. "பயிற்சி பூர்த்தி, திருப்தி" என்று அறிக்கையில் கையெழுத்திட்டவன் நான். வெட்கம்.
எழுதினால் ப்ரமோஷனுக்கு ஆபத்து. எழுதாவிட்டால் அத்தியாயமே இல்லை. செல்வியிடம் சொன்னேன்.
"அத எழுதுனா மெட்ராஸ் கெடைக்குமா?"
"கெடைக்கலாம். கெடைக்காமலும் போகலாம்."
"எழுதுங்க. இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுத ஆளோட மெட்ராஸ்ல யாரு குடித்தனம் நடத்துவா?"

10-10, திங்கள்
மேகமூட்டம். 19 பக்கம் டைப் முடிந்தது. முதல் வரியிலேயே என் தவறு, என் கையெழுத்து. மனசு லேசு.
கோவில்பட்டி தபாலாபீஸில் பேராசிரியருக்கு ரிஜிஸ்தர் தபால். கூடவே இன்னொரு உறை, அந்த லெப்டினன்டுக்கு. மன்னிப்பு இரண்டு வரி. பிறகு ஒரே கேள்வி: உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது?
கவுண்டரில் இருந்தவர் விலாசத்தை இரண்டு தரம் படித்தார். "இம்புட்டுத் தூரமா? பதில் வருமா சார்?"
"இந்தத் தடவ கேட்டிருக்கேன், அண்ணாச்சி" என்றேன்.