தனித்துக் கிடந்த நட்சத்திரத் தீவு

12 செப்டம்பர் 1943
இன்றும் மரவள்ளிக்கிழங்குதான். சயாம் ரயில்பாதையில் கூலிகளுக்குக் கணக்கு எழுதவென்று ஜப்பான்காரர்கள் என் வீட்டுக்காரரை ஏற்றிப்போய் மூன்று மாதமாகிறது. தோட்டத்துக் குமாஸ்தாவுக்குக் கொடுக்கும் இந்தக் கிராணி வீட்டில் நான் மட்டும். கூலிகளின் லயத்து வரிசைவீட்டுச் செல்லாயி அக்கா வாசலில் நின்று, “ஒத்தையில எதுக்குடி கெடக்கிற பிரேமா? எங்க வீட்டுக்கு வந்துடு லா” என்றார். தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

14 செப்டம்பர்
விளக்குக்கு எண்ணெய் இல்லை. தோட்டம் இருண்டு கிடக்க, வானம் மட்டும் பளிச்சென்று.

அப்போது கல்யாணமான புதிது. ஜப்பான்காரர்களுக்குப் பயந்து ஓடிப்போவதற்கு முன் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொடுத்த தொலைநோக்கியில், வானத்தில் ஒரு பஞ்சுத்துளியை அவர் எனக்குக் காட்டினார். “புகைன்னு நெனச்சியா? கோடிகோடி நட்சத்திரம் சேர்ந்த தீவு. இதுமாதிரி எத்தனையோ இருக்கு.” புத்தகத்தில் படங்களையும் காட்டினார். தனித்துக் கிடக்கும் தீவுகள் கைகளை விரித்துச் சுழல்கின்றன. நெருக்கியடித்துக் கிடப்பவை பெரும்பாலும் கையில்லாத வெறும் உருண்டைகள். “பொறவியே அப்படியா, கூட்டந்தான் அப்படி ஆக்குதா? யாருக்கும் தெரியல பிரேமா.”

“அதான் யார் வீட்டுக்கும் வரமாட்டேங்கிறீங்களா?” என்றேன். எப்படிச் சிரித்தோம்!

20 செப்டம்பர்
பக்கத்து ஊர் திகாம் பத்துவில் ஜப்பான்காரர்கள் வீடு வீடாகச் சோதனை போடுகிறார்களாம். தொலைநோக்கியைப் பார்த்தால் உளவாளி என்பார்கள். தலை போய்விடும். ஐயோ, அவரு ஆசையா வச்சிருந்த சாமானாச்சே. எங்க ஒளிப்பேன்?

21 செப்டம்பர்
செல்லாயி அக்காவோடு போய்க் குளத்தில் போட்டேன். திரும்பி வரும்வரை அக்கா என் கையை விடவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன்.

3 மார்ச் 1944
ஒரே அறையில் அக்கா, பிள்ளைகள், மாமியார், நான். ஒரே சட்டிக் கஞ்சி. பிள்ளைகளை அதட்டும்போது என் வாயிலிருந்து அக்காவின் குரல் வருகிறது. நான் முன்பு எப்படிப் பேசுவேன்? மறந்துவிட்டது.

9 நவம்பர் 1945
வந்துவிட்டார்! சண்டை முடிந்தும் வராதவர் இனி எங்கே என்றிருந்தேன். எலும்பும் தோலும், காலெல்லாம் புண். “பிரேமா” என்று கூப்பிட்ட பிறகுதான் ஆளைத் தெரிந்தது.

2 டிசம்பர்
தோட்டத்துக்குப் புதுத் துரை வந்ததும் கிராணி வீட்டைத் திருப்பித் தந்தார்கள். ஆசை ஆசையாய்க் கழுவி வைத்தேன். அவர் படுக்கவே இல்லை, சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

“இங்க மூச்சுச் சத்தமே கேக்கலையே. அங்க சயாம் கொட்டகையில, பக்கத்துல சத்தம் நின்னுச்சுன்னா… ஆளு போயிட்டான்னு அர்த்தம்.”

நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்னத்தைப் பேசினேனோ.

3 டிசம்பர்
வீட்டுச் சாவியைப் புதுத் துரையிடமே கொடுத்துவிட்டேன். செல்லாயி அக்கா பிள்ளைகளை நகர்த்திப் படுக்கவைத்து, நடுவில் எங்கள் இருவருக்கும் இடம் பண்ணினார். சின்னவன் குறட்டை, கிழவியின் இருமல்.

அவர் படுத்ததும் தூங்கிவிட்டார்.