ஆளுக்குப் பாதிக் கச்சேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் கூடப் படியேறினால் மட்டும்தான் முணுமுணுக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலையில் நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனிதர் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாரே என்று பயந்துவிடாதே. ஒரு விஷயத்தில் நான் சொன்னது தப்பு. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிப் போய் ஏதோ சின்ன அறையில் பாட்டுக் கேட்கிறேன் என்று நீ சொன்னபோது, போனைத் தட்டினால் வருகிற பாட்டுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று கத்தினேனே, அதைத்தான் சொல்கிறேன். நம் டைல்ஸ் கடைக்குப் பின்னால் வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தமான பேப்பர் குடோன் பூட்டிக் கிடந்தது அல்லவா, அதை சைக்கிள் கடைக்காரர் வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கச்சேரி வைக்க ஆரம்பித்தார். ஞாயிறுதான் நமக்கு வியாபாரம். டைல்ஸை விரல் கணுவால் தட்டிக் காட்டினால்தான் கீறல் இருக்கிறதா இல்லையா என்று வருகிறவர்களுக்குப் புரியும், அந்தச் சத்தத்தையே அவர்கள் டிரம் விழுங்கிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! நானே புகார் எழுதி, முதல் கையெழுத்தும் போட்டு, கடைகடையாக ஏறிப் பதினோரு பேரைச் சேர்த்து, வியாபாரிகள் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை கூட்டத்தில் குடோனைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று ஆகிவிட்டது.

கூட்டத்தில் காட்ட ஆதாரம் வேண்டுமே, எத்தனை மணிக்கு எவ்வளவு சத்தம் என்று குறித்துக்கொள்ளலாம் என்று, அதற்கு முந்தின ஞாயிறு கடைப் பையனிடம் வியாபாரத்தை விட்டுவிட்டு நோட்டும் கையுமாகப் போனேன். போனால் முதல் வரிசையில் உன் அம்மா! முழங்காலுக்கு நல்லது, ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்று ஞாயிறுதோறும் கிளம்பினது இங்கேதான். என்னைப் பார்த்ததும் கொஞ்சமும் அசராமல், "வாங்க, புகார் கொடுக்க வந்தீங்களா, பாட்டுக் கேக்க வந்தீங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். நேரே கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். சைக்கிள் கடைக்காரரேதான் டிரம் வாசிக்கிறார். நாற்பது பேர் காத்திருக்க, அந்த ஆள் காதைச் சாய்த்துக்கொண்டு ஓரத்தில் சுண்டிச் சுண்டிப் பார்க்கிறார், ஒரு திருகை முறுக்குகிறார், மறுபடி தட்டுகிறார், பிடிக்காமல் தளர்த்துகிறார். நான் டைல்ஸ் தட்டுவது போலவே, பாப்பா. கீறல் சரக்கை வெளியே விடமாட்டேன் என்கிற பிடிவாதம். அங்கேயே மனிதர் என்னை விலைக்கு வாங்கிவிட்டார். அப்புறம் நம் பல் டாக்டரம்மா பாட வந்தார், என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவரேதான், அதட்டத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது பாட்டில் மைக் கரகரத்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் பாடினார், டிரம்மும் உடனே குச்சியைப் போட்டுவிட்டு விரல் நுனிக்கு இறங்கியது. நாங்கள் எல்லாரும் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டோம். ஓர் இடத்தில் குரல் பிசிறியது, அந்தம்மா சிரித்துக்கொண்டே அதே இடத்தை மறுபடி எடுத்து ஒரே தாவலில் தாண்டினார், எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. போனில் வருவது சரக்கின் போட்டோ, இதுதான் சரக்கு. போட்டோவைப் பார்த்து ஒரு பெட்டி டைல்ஸ் கூட வாங்காதவன், உன்னிடம் அப்படிப் பேசினேனே. வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தால் மணி ஐந்து பத்து என்று ஒரு வரி, மற்றதெல்லாம் வெள்ளைத் தாள்.

புதன்கிழமை கூட்டத்தில் எழுந்து, என் கையெழுத்தை அடித்துவிடுங்கள், பாட்டைக் காதால் கேட்காமலே எழுதிவிட்டேன் என்றேன். மருந்துக்கடைக்காரர் விடுவாரா? "ஊரையே கிளப்பிவிட்டுட்டு இப்ப நீங்களே ஜகா வாங்கினா எப்படி முதலாளி?" என்று பிடித்துக்கொண்டார். காது சுட்டது, ஆனாலும் உட்காரவில்லை. கடைசியில், கச்சேரி நடக்கட்டும், ஆனால் சத்தம் தெருவுக்கு வரக் கூடாது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு, நீங்களே வாசலில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்த்துவிட்டார்கள். டைல்ஸ் பெட்டி அட்டைகளை ஜன்னலுக்கெல்லாம் அடைத்தாயிற்று. இருந்தாலும் சொன்ன சொல் சொல்தானே, யாராவது வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. ஆக, முதல் பாதி நான் வாசலில், அம்மா உள்ளே. இடைவேளையில் மாற்றிக்கொள்கிறோம். அவள் கேட்ட பாட்டை எனக்கு வீட்டில் பாடிக் காட்டுகிறாள், நான் டிரம்மைச் சாப்பாட்டு மேஜையில் தட்டிக் காட்டுகிறேன், இரண்டும் சகிக்கவில்லை.

நீ போகிற இடத்தில் பின்னால் ஒதுங்கி நிற்காதே, முன்னால் போய் உட்கார், வெறும் வயிற்றோடு போகாதே, யாராவது துணையோடு வீடு திரும்பு. நீ எல்லா நலமும் பெற்று நிறைவாக இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். லீவுக்கு வரும்போது நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிற மாதிரி டிக்கெட் போடு, மறந்துவிடாதே. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நீ வாசலில் நில். அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழுக் கச்சேரி கேட்டுவிடுகிறோம்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கும் உன் அப்பா